கதவு வரைக்கும் ஓடிய படம்

படம் ஆரம்பித்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, அதற்குள் பிளாரன்ஸுக்கு அந்தக் கதவு மனசில் வந்து நின்றுவிட்டது. இன்னும் ஐம்பத்துமூன்று நிமிஷம் கிடக்கிறது. சுவர்க் கடிகாரம் மூணு அஞ்சு காட்டியது, மூணு ஐம்பத்தெட்டுக்குக் கதவு வரும், ஒரு நிமிஷம் முன்னப்பின்ன ஆகாது. இருபத்திரண்டு கிறிஸ்துமஸ் மத்தியானம் பாளையங்கோட்டையில் இதே வீட்டில், இதே பிரியாணி ஏப்பத்தோடு, இந்த ஒரே படத்தைப் பார்த்தவளுக்கு யாரும் நேரம் சொல்லித்தர வேண்டாம். பனி கொட்டும், சிவப்பு மப்ளர் கட்டின அந்தக் கப்பல் சமையல்காரன் பதினோரு வருஷம் கழித்து வீட்டுக்குக் கிளம்புவான், ரயிலைத் தப்பவிடுவான், பால் வண்டியில் தொற்றுவான், ஒரு பழுப்பு நாய் கூடவே ஓடிவரும், கடைசியில் தன் வீட்டுக் கதவுக்கு முன்னால் நின்று தட்டுவதற்குக் கையைத் தூக்குவான். அவ்வளவுதான். அதற்குமேல் இந்த வீட்டில் ஒருத்தரும் பார்த்தது கிடையாது. இன்றைக்குப் பார்க்கப் போகிறார்களாம். மகன் செல்வின் போன வாரம் பெங்களூரிலிருந்து வரும்போதே சொல்லிக்கொண்டு வந்தான், முழுப் படமும் கிடைத்துவிட்டது, அதுவும் தமிழில் பேசுகிறது, புது டிவியில் போடுகிறேன் என்று. மகள் ஷைனி கை தட்டினாள். பிளாரன்ஸும் சிரித்துவைத்தாள், வேறென்ன செய்ய. பக்கத்தில் பிரம்பு நாற்காலியில் அவள் புருஷன் ஞானசிகாமணி புதுச்சட்டையோடு உட்கார்ந்திருந்தார். சட்டைக்குப் பொத்தான் போட்டுவிட்டது அவள், தலை வாரிவிட்டது அவள், வலது கையை எடுத்து மடியில் தலையணைமேல் வைத்துவிட்டதும் அவள்தான். ஜூலை மாதம் ஒரு காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்த மனுஷன் அப்படியே சாய்ந்தார், அன்றோடு வலது கையும் போச்சு, பேச்சும் போச்சு. ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருக்கிறது. அது எந்த வார்த்தை என்று நினைத்தாலே அவளுக்கு எரிச்சலும் அழுகையும் ஒன்றாக வரும்.

அந்தப் படம் இந்த வீட்டுக்கு வந்த கதையை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். செல்வினுக்கு அப்போது ஐந்து வயசு, ஷைனி கைக்குழந்தை. ஜங்ஷனில் பிளாட்பாரத்தில் சி.டி. விற்கிறவனிடம் பேரம் பேசி, இங்கிலீஷ் கிறிஸ்துமஸ் படம், ரெண்டு சி.டி., பிள்ளைகளுக்கு நல்லது என்று பெருமையாக வாங்கிக்கொண்டு வந்தார். கிறிஸ்துமஸ் மத்தியானம் பக்கத்து வீட்டுக்கெல்லாம் பலகாரத் தட்டு கொடுத்துவிட்டு வந்து எல்லாரும் உட்கார்ந்தாச்சு. கதவு வரைக்கும் முதல் சி.டி. அவன் கையைத் தூக்குகிறான், படம் நிற்கிறது. இவர் எழுந்துபோய் இரண்டாவதைப் போட்டார். போட்டால், ஐயோ, வெள்ளை வேட்டி கட்டின ஒரு ஆள் வந்து வணக்கம் சொல்லி, ஐம்பது கோழியில் ஒரு மாதிரிப் பண்ணை அமைப்பது எப்படி என்று ஆரம்பிக்கிறான். கூண்டு கூண்டாகக் கோழி. ஷைனி கோழியைப் பார்த்துவிட்டு ஒரே சந்தோஷம். செல்வின்தான் தரையில் உருண்டு அழுதான், அந்த மாமா வீட்டுக்குள்ளே போனாரா இல்லையா சொல்லுங்க என்று. இவர் டிவியை அணைத்தார். இடது, வலது பார்த்தார். உள்ளங்கையை டிவிக்கு முன்னால் நீட்டி, ஏதோ போலீஸ்காரர் லாரியை நிறுத்துகிற மாதிரி நிறுத்தி, "பொறவு என்னாச்சு தெரியுமால?" என்றார். கதவு திறக்குது. பொஞ்சாதி நிக்கா. பதினோரு வருஷம் எங்க போயிருந்தீரு ஓய்னு கேக்கலை. வந்துட்டேளா, காலக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுதுன்னா. அவ்வளவுதான், பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. மறுவாரம் சி.டி.யை மாற்ற ஜங்ஷனுக்குப் போனார், கடைக்காரனைக் காணோம். அடுத்த வருஷம் வேறு வாங்கியிருக்கலாம். யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. இங்கிலீஷ் வசனத்தையெல்லாம் இவரே நம்மூர்த் தமிழில் பேசிக்கொண்டு வருவார், கதவு வரும், உள்ளங்கை நீளும், பொறவு என்று ஆரம்பிப்பார், ஒவ்வொரு வருஷமும் ஒரு முடிவு. செல்வின் பிளஸ் டூ கணக்கில் அக்டோபர்ப் பரீட்சையிலும் ஃபெயிலானபோது, கதவைத் திறந்தது அந்தச் சமையல்காரன் மகன், மார்க் ஷீட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றானாம். அக்டோபர்ல வராட்டா மார்ச்சுல வருதுடே, இதுக்காடே மொகத்த தொங்கப்போட்டிருக்கன்னு கேட்டானாம் அப்பன். செல்வின் அன்றைக்குத்தான் மூன்று வாரத்துக்கு அப்புறம் வயிறாரச் சாப்பிட்டான். இந்த முடிவு எல்லாம் பிளாரன்ஸுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். படம் நின்றதும் அவள் டீ போட எழுந்துவிடுவாள். அவர் மணிக்கட்டைப் பிடிப்பார், "இரி பிளாரன்சு, கேட்டுட்டுப் போயேன்." இவள் உதறுவாள், "பத்து பேருக்கு டீ நானாப் போடணும், நீங்களா வந்து போடப் போறீங்க?" அடுக்களையில் நின்றுகொண்டு, அடுப்புச் சத்தத்துக்கு நடுவே காதில் விழுந்தது விழுந்தது, விழாதது போச்சு.

டிவியில் சமையல்காரன் ஸ்டேஷனில் நின்று, "நண்பரே, இந்த ரயில் வடக்கு நோக்கிச் செல்லுமா?" என்றான். ஷைனிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்பா எப்படிச் சொல்லுவாக? ஏ அண்ணாச்சி, இது எங்கூருக்குப் போவுமா, இல்ல தூத்துக்குடியில கொண்டு தள்ளிருவானுவளா!" செல்வினும் சிரித்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. வாயோரம் ஈரமாக இருந்தது, பிளாரன்ஸ் துண்டால் ஒற்றினாள். எப்பேர்ப்பட்ட வாய். தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர், முப்பத்தைந்து வருஷம் ஊரில் பாதிப் பேருக்கு லைன் போட்டுக் கொடுத்த ஆள், டிரங்க் கால் காலத்தில் லைன் கிடைக்காமல் தவிக்கிறவனிடம் நாலு வார்த்தை பேசி அவனைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் போனை வைப்பாராம். சபையில் வாய்க்குப் பயந்தே இவரைக் கமிட்டியில் போடமாட்டார்கள். அந்த மனுஷனுக்கு இப்போது தண்ணீர் வேண்டுமென்றால், "பொறவு." பாத்ரூமுக்கு, "பொறவு." முதுகு அரித்தால், ஈ உட்கார்ந்தால், செல்வின் போனில் கூப்பிட்டால், எல்லாவற்றுக்கும் பொறவு பொறவு பொறவு. உலகத்தில் எத்தனை வார்த்தை இருக்கிறது, பிளாரன்ஸ் என்று ஒரு வார்த்தை மிஞ்சியிருக்கக் கூடாதா, கர்த்தாவே? பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் வாழைப்பழப் படத்தைக் காட்டி இது என்ன ஐயா என்பாள். பொறவு. பசு மாட்டைக் காட்டுவாள். பொறவு. குட், குட் என்பாள் அந்தப் பிள்ளை. என்ன குட்டோ. ஒருநாள் அவள் போன பிறகு பிளாரன்ஸ் கத்தியேவிட்டாள், பொறவு என்ன, பொறவு என்ன, என்னதான் பொறவு சொல்லித் தொலையுங்களேன் என்று. அவர் அவளையே பார்த்தார். அப்புறம் டம்ளரைப் பார்த்தார். அவள் உள்ளே போய் அரிசி களைந்தாள்.

பேச்சு போனதில்கூட அவளுக்கு அவ்வளவு பயம் இல்லை. ஊமைப் பிள்ளையை வளர்க்கிறவர்கள் இல்லையா. பயம் சீப்பில் வந்தது. அக்டோபரில் ஒரு நாள், தலை வார எடுத்துவைத்த சீப்பை எடுத்து டீ டம்ளருக்குள் விட்டு, சர்க்கரை கலக்குகிற மாதிரி நிதானமாகக் கலக்கினார். கலக்கிவிட்டு அவளிடமே நீட்டினார். வாங்கிக்கொண்டாள். டாக்டரிடம் சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உள்ள எவ்வளவு புரியுதுன்னு நம்மால வெளியே இருந்து சொல்ல முடியாதும்மா. எல்லாம் புரியலாம். கொஞ்சம்தான் புரியலாம்" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? அந்தக் கொஞ்சத்தில் நான் இருக்கிறேனா? அதைக் கேட்காமலே மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவுக்கு நிற்கும்போதும் அதே நினைப்பு, துணி காயப்போடும்போதும் அதே நினைப்பு. அவருக்குச் சோறு ஊட்டுகிறேன், குளிப்பாட்டுகிறேன், ஜெபம் பண்ணி நெற்றியில் கை வைக்கிறேன், யாரோ ஒரு பொம்பளை வந்து இதெல்லாம் செய்துவிட்டுப் போகிறாள் என்று உட்கார்ந்திருக்கிறாரோ? அல்லது உட்கார்ந்திருக்கிறது அவரே இல்லையோ, அவர் ஜூலையிலேயே போய்விட்டாரோ, நான்தான் தெரியாமல் மிச்சத்துக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேனோ? சீ, என்ன புத்தி இது, கிறிஸ்துமஸும் அதுவுமாக. டிவியில் பால் வண்டி வந்துவிட்டது. மூணு இருபத்தொன்பது. பால் வண்டிக்காரி அவனுக்கு ரொட்டி கொடுக்கிறாள், அவன் பாதியை நாய்க்குக் கொடுக்கிறான். இந்த நினைப்பெல்லாம் சுற்றிச் சுற்றித்தான் அவள் போன வாரம் ஒரு தீர்மானத்துக்கு வந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் செல்வின் திட்டுவான். இதுவரை சி.டி. தானாக நின்றது. இன்றைக்கு நிற்காது. அந்த இடம் வரும்போது இவர் கையை நீட்டி நிறுத்துகிறாரா பார்ப்போம். இடது கை நன்றாகத்தானே இருக்கிறது. நீட்டினால் உள்ளே இருக்கிறார். நீட்டாவிட்டால். நீட்டாவிட்டால் என்ன என்பதை மட்டும் அவள் யோசிக்கவே இல்லை, ஒவ்வொரு தடவையும் அந்த இடத்துக்கு வந்து அப்படியே திரும்பிவிடுவாள்.

"அம்மா, தூங்குதியளா?" என்றான் செல்வின். இல்லடா, பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். நாய் ஆற்றுப் பாலத்தில் அவனைத் தவறவிட்டுவிட்டுக் குரைத்துக்கொண்டிருந்தது. அந்தக் குரைப்பைக் கேட்டால் பிளாரன்ஸுக்கு ஒரே ஒரு கிறிஸ்துமஸ்தான் ஞாபகம் வரும், பதினாறு வருஷமாக. அந்த வருஷம் செப்டம்பரில் அவள் அப்பா உடன்குடியில் இறந்துபோனார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சேதி நேராக இவர் வேலை பார்க்கிற இடத்துக்கே வந்தது, அவள் தம்பி போன் பண்ணியிருக்கிறான். இவர் வீட்டுக்கு வந்தார், கைகால் கழுவினார், அவள் நூற்றுமூன்று டிகிரி காய்ச்சலில் போர்த்திக்கொண்டு கிடந்தாள், அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்தார், மாத்திரை கொடுத்தார், ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுக்கிறவர், தன் வீட்டுக்கு வந்த ஒரே ஒரு சேதியை வாயில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். மறுநாள் பன்னிரண்டு மணிக்குச் சொன்னார். காய்ச்சல் இறங்கட்டும்னு பார்த்தேன் பிளாரன்சு, அந்த நெலமையில உன்ன எப்படிப் பஸ்ஸேத்துவேன்? அவள் போய் இறங்கும்போது கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்து, மாலையை மேலே வைத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று மாதம் அவரோடு பேசவில்லை. பிள்ளைகள் வழியாகத்தான் எல்லாம், ஷைனி, அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு. அப்படியே கிறிஸ்துமஸ் வந்தது, பிரியாணி வந்தது, கதவும் வந்தது. அந்த வருஷம் அவர் மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். பின்னாலேயே அவர் குரல் வந்தது, வழக்கத்தைவிடச் சத்தமாக, பிள்ளைகளுக்கு என்றால் அவ்வளவு சத்தம் எதற்கு? பொறவு என்னாச்சு, அவன் கதவத் தட்டல. தட்டக் கை வரல. என்ன மொகத்த வச்சுக்கிட்டுத் தட்ட? படியிலயே உக்காந்துட்டான். நாய்தான் குரைக்கி. அவன் சொல்லுதான், ஏ நாயே, உள்ள இருக்கவ கிட்ட நீயாவது சொல்லு. அதுவரைக்கும் கேட்டாள். அதற்குமேல் கேட்கக் கூடாது என்று அடுப்பைப் பெரிசாகத் திருகினாள், அது போதவில்லையென்று குழாயையும் திறந்துவிட்டாள். சட்டியில் தண்ணீர் விழுகிற சத்தத்தில் அந்த முடிவு போய்விட்டது. உள்ளே இருந்தவள் என்ன செய்தாள் என்று சொன்னாரோ. திறந்தாளா? திட்டினாளா? ஜனவரியில் எப்படியோ பேச்சு வந்துவிட்டது, கேஸ் தீர்ந்துபோச்சு என்று அவள் சொல்ல, புக் பண்ணுதேன் என்று அவர் சொல்ல, குடும்பம் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்த முடிவை மட்டும் அவள் கேட்கவே இல்லை. கேட்க எத்தனை நாள் இருந்தது. பதினாறு வருஷம் இருந்தது. அப்புறம் கேட்டுக்கொள்ளலாம், அப்புறம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டாள், இப்போது கேட்டால் என்ன பதில் வரும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

மூணு ஐம்பத்துநாலு. பனி இப்போது பலமாகக் கொட்டியது, புது டிவியில் ஒவ்வொரு பொட்டும் தெரிந்தது. பழைய டிவியில் எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் இருக்கும், படம் கெட்டுப்போனதா பனியா என்றே தெரியாது. ஷைனி முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் நகர்ந்தாள். "யண்ணே, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. உண்மையான முடிவு நல்லாயில்லாம இருந்திட்டா?" "அதான் பார்ப்போமே. இருபத்திரண்டு வருஷம் கோழிப்பண்ணையோட முடிஞ்சிருக்கு, அதைவிட மோசமாவா இருக்கும்?" செல்வின் சிரித்தான், ஆனால் ரிமோட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தான். பிளாரன்ஸ் டிவியை ஓரக்கண்ணால்தான் பார்த்தாள். அவர் இடது கையைப் பார்த்தாள். நாற்காலிக் கைப்பிடிமேல் கிடந்தது. மோதிர விரலில் மோதிரம் தளர்ந்துபோய் நூல் சுற்றியிருந்தது, அவள் சுற்றியதுதான். கொஞ்சம் அசைந்ததோ? இல்லை, ஃபேன் காற்றில் சட்டைக் கை அசைந்தது. தெரு திரும்பிவிட்டான். மரத்தைத் தாண்டிவிட்டான். வேலிப் படலைத் திறக்கிறான், கிரீச் என்று அந்தச் சத்தம், இருபத்திரண்டு வருஷமாக அந்தச் சத்தம் வந்ததும் இவர் தொண்டையைச் செருமி நிமிர்ந்து உட்காருவார். செருமவில்லை. ஆண்டவரே, கையைத் தூக்கச் சொல்லும். பேசச் சொல்லவில்லை, நடக்கச் சொல்லவில்லை, கொஞ்சம் உள்ளங்கையை நீட்டச் சொல்லும், போதும். படியேறினான். மப்ளரைச் சரி பண்ணினான். கையைத் தூக்கினான். அவர் கை கைப்பிடிமேல் அப்படியே கிடந்தது.

டொக், டொக், டொக். அந்தக் கதவு தட்டுகிற சத்தம் அந்த வீட்டில் முதல்தடவையாகக் கேட்டது. அவ்வளவுதான், தாண்டிவிட்டது. கை நீளவில்லை. பிளாரன்ஸுக்குக் காதெல்லாம் அடைத்த மாதிரி இருந்தது, பிள்ளைகள் முகத்தைப் பார்க்கக் கூடாது, அவர் முகத்தையும் பார்க்கக் கூடாது, எங்கேயாவது போய் நிற்க வேண்டும். எங்கே போக, அவளுக்கு இருக்கிற இடம் ஒன்றுதானே. டீ போடுகிறேன் என்று சொன்னாளா, சொல்ல நினைத்தாளா தெரியாது, கால் தானாக எழுந்தது. பாதி எழுந்தவளை மணிக்கட்டில் ஏதோ இழுத்தது. கதவு இடுக்கில் வளையல் மாட்டிக்கொண்டது என்றுதான் முதலில் நினைத்தாள், கதவு எங்கே இருக்கிறது இங்கே. குனிந்து பார்த்தாள். அவர் கை. ஐந்து விரலும் இறுக்கமாக, வளையலோடு சேர்த்து. பழக்க தோஷம் என்று யாரும் சொல்ல முடியாது, அந்தக் காலத்தில் அவள் அவருக்கு வலது பக்கம் உட்காருவாள், பிடித்தது வலது கை, இன்றைக்கு உட்கார்ந்திருக்கிறது இடது பக்கம். இந்த இடது கைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர் டிவியைப் பார்க்கவே இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாகப் பார்க்கிறாரோ. கையை நீட்டுகிறாரா நீட்டுகிறாரா என்று டிவிக்கும் கைக்கும் நடுவே பார்த்துக்கொண்டிருந்தவள் அவர் கண்ணைப் பார்க்கவில்லையே, பாவி. "பொறவு" என்றார். தண்ணீருக்குச் சொல்கிற பொறவு இல்லை. வாழைப்பழத்துக்குச் சொல்கிற பொறவும் இல்லை. இரி பிளாரன்சு, கேட்டுட்டுப் போ.

செல்வின் படத்தை நிறுத்திவிட்டான். திரையில் கதவு பாதி திறந்து நின்றது, உள்ளே யார் என்று தெரியவில்லை, ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. ஷைனி வாயைப் பொத்திக்கொண்டாள். பிளாரன்ஸ் உட்கார்ந்தாள். டீ கிடக்கட்டும். அவர் தொடங்கப் பார்த்தார், உதடு கூடியது, கழுத்து நரம்பு புடைத்தது, "பொறவு... பொறவு..." அதற்குமேல் வரவில்லை, வராது, அவருக்கே தெரிந்தது, கண் நிறைந்து வழிந்தது. ஆனால் பிடியை விடவில்லை. இன்னும் கொஞ்சம் இறுக்கினார், இந்தா, நீ சொல்லு என்கிற மாதிரி. நானா? எனக்கு என்ன தெரியும்? வாழ்நாளில் ஒரு கதை சொன்னதில்லை, ஞாயிறு பள்ளியில்கூட நான் பாட்டுக்குத்தான் நிற்பேன். பிள்ளைகள் இரண்டு பேரும் அவளையே பார்த்தார்கள். அவர் பார்த்தார். சரி. அவள் இன்னொரு கையின் உள்ளங்கையை டிவிக்கு முன்னால் நீட்டினாள். "பொறவு என்னாச்சுன்னா" என்றாள், குரல் யாருடையதோ மாதிரி வந்தது, செருமிக்கொண்டாள். "அவன் படியில உக்காந்திருந்தாம்லா, அந்த நாய் குரைச்சுது. உள்ள இருந்தவ அடுப்படியில நின்னா. அவளுக்குக் கேக்கலன்னு அவன் நெனச்சான். எல்லாம் கேட்டுச்சு. குழாயத் திறந்து விட்டிருந்தா, ஆனாலும் கேட்டுச்சு. பொறவு குழாய மூடுனா. அடுப்ப அணைச்சா. ஈரக்கைய முந்தானையில தொடச்சிக்கிட்டே வந்து கதவத் தெறந்தா. வர்றதுக்குத்தான் கொஞ்சம் நேரமாயிட்டு."